புதுப்பிப்பு: 2018 படங்கள், என் வரிசை மாறிவிட்டது

2018-இல் வந்த தமிழ்ப் படங்களில் எனக்குப் பிடித்தவற்றைப் போன மாதம் வரிசைப்படுத்தியிருந்தேன்: '96', 'பரியேறும் பெருமாள்', 'வடசென்னை', 'ராட்சசன்'. "லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' எங்கே?" என்று சிலர் கோபித்துக்கொண்டீர்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுவரை நான் அதைப் பார்த்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டேன். முதலிடம் அதற்குத்தான். ஏலக்காய் மூட்டை மலைச்சரிவில் உருண்டோடும்போது நாயகன் ரங்கசாமியின் காணிநிலக் கனவும் கூடவே உருள்கிறது. கடைசியில், தன் கையைவிட்டுப் போன மண்ணிலேயே காற்றாலைக்குக் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறார். கேமரா மேலே மேலே போகிறது. மனிதர் சுருங்கிப் புள்ளியாகிறார். சுற்றிலும் காற்றாலைகள் மட்டும் சுழல்கின்றன. படம் முடிந்தும் கொஞ்ச நேரம் விளக்கைப் போடத் தோன்றவில்லை.

'பரியேறும் பெருமாள்' இரண்டாமிடத்திலேயே இருக்கிறது. இரண்டு தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே ஒரு பூ. இயக்குநர் மாரி செல்வராஜ் வசனமே இல்லாமல் சொன்னதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

'96' மூன்றாமிடத்துக்கு இறங்குகிறது. மின்சாரம் போன வீட்டில் ஜானு பாடத் தொடங்கும் இடம் இன்னும் சிலிர்க்க வைக்கிறது. ஆனால் மறுபடி பார்த்தபோது பள்ளிக்கூடப் பகுதி நீண்டுகொண்டே போவதாகப் பட்டது. திட்டுகிறவர்கள் திட்டலாம்.

அடுத்து 'வடசென்னை', அமீர் நடித்த ராஜன் பாத்திரத்துக்காகவே. 'ராட்சசன்' ஐந்தாவது, கொலையாளி யாரென்று தெரிந்தபின் பாதிப் பதற்றம் போய்விடுகிறது.