ரெஸ்டோமாட் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது? பழைய அமெரிக்கப் பிக்கப் வண்டிகளுக்குச் சில கலைச்சொற்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பழைய அமெரிக்கப் பிக்கப் வண்டிகளைப் புதுப்பிக்கும் கலை பற்றி ஒரு நெடுங்கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆலையில் வந்தபடியே மீட்கும் ரெஸ்டோரேஷன், வெளியே பழைய உருவமும் உள்ளே புது இயந்திரமுமான ரெஸ்டோமாட், வெளியுருவத்தையே மாற்றும் கஸ்டம் ஆகிய மூன்றுக்கும் "மறுசீரமைப்பு" என்றே எழுதிப் பார்த்தேன். இரண்டாம் பத்தியிலேயே எது எதைக் குறிக்கிறது என்று எனக்கே புரியாமல் போயிற்று. ரெஸ்டோமாடுக்கு "மீள்மாற்று", கஸ்டமுக்கு "தனிப்பயனாக்கம்", காலத்தால் மங்கித் துரு படிந்த மேற்பரப்பான பேட்டினாவுக்குக் "களிம்பு" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பெரியவர்கள் வழிகாட்ட வேண்டும்.

அன்புடன்,
மதுரையிலிருந்து

——————

அன்புள்ள தம்பிக்கு,

வண்டியைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்த்தால் இப்படித்தான் இழுபறியாகும். முதலில் வண்டியைக் கண்முன் நிறுத்திக்கொள்வோம்.

1950-ஆம் ஆண்டின் செவ்ரோலே 3100. அரை டன் வண்டி. 1947 கோடையில் வெளிவந்து 1955 வரை நீடித்த வரிசையைச் சேர்ந்தது. ஆறு சிலிண்டர், 216 கன அங்குலம், ஏறக்குறைய 90 குதிரைத்திறன். இந்த எஞ்சினில் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளுக்கு எண்ணெயை அழுத்தத்தில் செலுத்தும் ஏற்பாடு கிடையாது. ஒவ்வொரு ராடின் அடியிலும் கரண்டி மாதிரி ஒரு மூக்கு இருக்கும். சுற்றும்போது அது எண்ணெயை வாரிக்கொள்ளும். பேரிங்குகள் உருக்கி ஊற்றிய பாபிட் என்னும் மென்மையான உலோகக் கலவை. மின்சாரம் 6 வோல்ட். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக், அவற்றுக்கு ஒரே குழாய்ச் சுற்று. எங்காவது ஒழுகினால் நான்கும் போயிற்று. அமெரிக்காவின் பெரிய நெடுஞ்சாலைத் திட்டத்துக்கான சட்டமே 1956-இல்தான் வந்தது. பண்ணைக்கும் சந்தைக்கும் இடையே சாவகாசமாகப் போய்வருவதற்குச் செய்த வண்டி இது.

இப்படி ஒரு வண்டி துருப்பிடித்த நிலையில் ஒருவர் கைக்கு வருகிறது. ஆலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்க வேண்டும் என்று அவர் நினைத்தால், அதற்குரிய வேலை ஒரு தனி உலகம். ஓட்டுநர் அறையை அடிச்சட்டத்திலிருந்து கழற்றித் தூக்குவார். அந்த அறையின் பின்மூலைகள் இரண்டும் உள்ளிருந்தே அரிக்கும். நீரும் தூசியும் இறங்கி அங்கே சேறாகத் தங்குவதுதான் காரணம். வெளியே பெயின்டில் ஒரு சிறு கொப்புளம் தெரியும்போதே உள்ளே தகடு தொட்டால் உதிரும் நிலைக்கு வந்திருக்கும். நல்ல தகடு தென்படும்வரை வெட்டியெடுத்து, அதே வளைவில் புதுத் தகடு பொருத்திப் பற்றவைக்க வேண்டும். பட்டி வைத்து மூடுகிறவர்களும் உண்டு. இரண்டு மழைக்காலத்தில் பல்லிளித்துவிடும். எஞ்சினும் அதே 216தான். பாபிட் ஊற்றத் தெரிந்த பட்டறையைத் தேடி அலைய வேண்டும். பின்னாலுள்ள சரக்குத் தொட்டியின் தளத்துக்கு மரப்பலகை, பலகைகளுக்கு இடையில் எஃகுப் பட்டைகள். இதை "மீட்டமைப்பு" என்று சொன்னால் போதும். ஏற்கெனவே புழங்கும் சொல், குழப்பம் இல்லை.

(துரு நீக்க மணலை அழுத்தக் காற்றில் பாய்ச்சுகிறார்களே, அதற்கும் புதுச்சொல் தேடாதீர்கள். கோயில் திருப்பணிகளில் சிற்பங்களின் நுணுக்கத்தைத் தேய்த்துவிடுகிறது என்று சர்ச்சையான அதே மணல் வீச்சுதான். அங்கே கல் தேய்ந்தது; இங்கே அகலமான பானெட் தகடு நெளிந்துபோகும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் மெல்லிய தகடுகளுக்கு மணலை விட்டுவிட்டு வால்நட் ஓட்டுத்தூள், சோடா என்று போகிறார்கள்.)

வேறொருவர் அதே வண்டியை வாங்குகிறார். உருண்ட மட்கார்டுகள், கிடைக்கம்பிகள் கொண்ட முகப்பு, அறையின் பின்மூலைக் கண்ணாடிகள் எல்லாம் அவருக்கு அப்படியே வேண்டும். ஆனால் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் போகவும் வேண்டும். 216 எஞ்சினை இறக்கிவிட்டு, 1999 முதல் செவ்ரோலே பிக்கப்புகளில் வந்த 5.3 லிட்டர் வி-8 எஞ்சினை ஏற்றுகிறார். பழைய வண்டி உடைக்கும் இடங்களில் தாராளமாகக் கிடைப்பது. திறன் ஏறத்தாழ மூன்று மடங்கு. முன்புறம் இரும்பு அச்சும் கமான் பட்டையும் போய், 1974 முதல் 1978 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங் 2 காரின் பாணியில் இரு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு வருகிறது. டிஸ்க் பிரேக், 12 வோல்ட், குளிர்சாதனம். வேகமானியின் முகப்பு எழுத்துகூட பழையதுதான். அதன் பின்னால் மின்னணு. இதுதான் ரெஸ்டோமாட்.

மூன்றாமவர் வெளியுருவத்திலேயே கை வைக்கிறார். தூண்களை அறுத்துக் கூரையைச் சில அங்குலம் இறக்குகிறார், கதவுக் கைப்பிடிகளை எடுத்துவிட்டுத் துளைகளை அடைக்கிறார். பின்அச்சு மேலேறி வர இடம் வேண்டும் என்பதற்காக அடிச்சட்டத்தில் பிறை வடிவில் ஒரு வெட்டு வெட்டி, அந்த இடத்துக்குக் கனத்த தகடு பற்றவைத்து வலுவூட்டி, வண்டியைத் தரையோடு தரையாகப் படுக்கவைக்கிறார். இது கஸ்டம்.

இப்போது உங்கள் நண்பர்களின் சொற்களுக்கு வருவோம். "மீள்மாற்று" என்று கேட்டால், மாற்றியதைப் பழையபடி திருப்பிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். வேண்டிய பொருளுக்கு நேர் எதிர். "தனிப்பயனாக்கம்" மென்பொருளின் அமைப்புப் பட்டியலில் எழுத்துரு மாற்றுவதற்குச் சரி. வாளெடுத்துக் கூரையை அறுப்பவருக்கு அது ஒட்டாது. "உருமாற்று" என்று நேராகச் சொல்லலாமே.

ரெஸ்டோமாடுக்கு என் முன்மொழிவு: உட்புதுக்கம். "புதுக்கு" நம்மிடம் உள்ள பழைய வினை. உள்ளே மட்டும் புதுக்கியது என்று சொல்லே சொல்லிவிடுகிறது. உட்புதுக்கிய வண்டி, உட்புதுக்கினார், உட்புதுக்கப் பட்டறை என்று வினையாகவும் அடையாகவும் வளையும். ஆங்கிலத்தில் ரெஸ்டோரேஷன், மாடிஃபிகேஷன் (மாற்றம்) என்ற இரண்டு சொற்களை முறித்து ஒட்டினார்கள் என்பதற்காக நாமும் அப்படியே முறித்து ஒட்ட வேண்டியதில்லை.

அன்புடன்,
டெக்சஸிலிருந்து

——————

ஐயாவுக்கும் தம்பிக்கும் வணக்கம்.

> ரெஸ்டோமாடுக்கு என் முன்மொழிவு: உட்புதுக்கம்.

நல்ல சொல்தான். ஆனால் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது வீட்டுக்குத் திரைச்சீலை மாற்றுவது. வண்டியில் இருக்கைத் தோல் மாற்றினாலும் அது உட்புதுக்கம் ஆகிவிடாதா? இயந்திரப் பகுதிகள்தானே மாறுகின்றன. "பொறிப்புதுக்கம்" என்றால் என்ன?

இரண்டாவது, "பிக்கப்". இலங்கையில் எங்கள் செய்தித்தாள்கள் இதைக் "கெப் ரக வாகனம்" என்றுதான் எழுதும். கட்டுரையில் ஓரிடத்திலாவது அதைச் சொல்லிவிட்டால் எங்கள் வாசகர்கள் தடுமாற மாட்டார்கள். அதே காரணத்துக்காக, ஓட்டுநர் அறையைக் "கேப்" என்று எழுத வேண்டாம். எங்களுக்கு அது முழு வண்டி.

மூன்றாவது, களிம்பு. செம்பில் படிவது களிம்பு. சைவ சித்தாந்தம் படித்த எவருக்கும் அது உயிரைப் பற்றிய மலத்துக்கு உவமை. நீக்க வேண்டிய பொருள். பேட்டினாவோ காசு கொடுத்துக் காப்பாற்றுகிற பொருள் என்று விளங்குகிறது. சிலர் "காலமெருகு" என்கிறார்கள். மெருகு என்றால் பளபளப்பு. மங்கிய பெயின்டுக்கு அது எப்படிப் பொருந்தும்? முதுமொழி, முதுமரம் என்பதுபோல "முதுநிறம்" என்று வைக்கலாமா?

ஒரு சந்தேகமும் உண்டு. 6 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றி, இருக்கைப் பட்டை பொருத்தி, மற்றதெல்லாம் மூலப்படி வைத்திருந்தால் அது எந்தக் கணக்கில் வரும்?

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து

——————

அம்மாவுக்கு வணக்கம்.

முதுநிறம்! அதை விட்டுவிடக் கூடாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தம்பியின் கட்டுரைக்கும் உதவும்.

அரிசோனா, நியூ மெக்சிகோ போன்ற வறண்ட பகுதிகளில் பல ஆண்டுகள் வெயிலில் நின்ற வண்டியைப் பாருங்கள். வெயில் நேராக விழும் கூரையிலும் பானெட்டிலும் பெயின்ட் முதலில் போகும். அடர்பச்சை வெளிறி, அதனடியில் பிரைமர் தெரிந்து, அதுவும் தேய்ந்த இடத்தில் தகட்டின் மேல் மெல்லிய காவித் துரு படிந்திருக்கும். கதவின் பக்கவாட்டில் பச்சை இன்னும் பச்சையாகவே இருக்கும். ஓட்டுநரின் முழங்கை சாய்ந்த சன்னல் விளிம்பில் மட்டும் வெறும் இரும்பு வழவழவென்று தெரியும். சில வண்டிகளின் கதவில் யாரோ தூரிகையால் எழுதிய பண்ணைப் பெயரும் ஊர்ப் பெயரும் பாதி அழிந்து நிற்கும். எந்தப் பட்டறையாலும் இதைத் திருப்பித் தர முடியாது என்பதால்தான் அதற்கு விலை. உடைமையாளர்கள் கழுவித் துடைத்து, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயோ மங்கலான தெளிபூச்சோ அடித்து, துரு மேலும் போகாமல் நிறுத்திவிட்டு அப்படியே ஓட்டுகிறார்கள். இதில் களிம்பும் இல்லை, மெருகும் இல்லை. வயதான நிறம். முதுநிறம் என்பது அச்சொட்டு.

புதிய பெயின்ட் அடித்து, அதைத் தேய்த்து, உப்புநீர் தெளித்துத் துரு வரவழைத்து, கதவில் இல்லாத பண்ணையின் பெயரையும் எழுதி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் "போலி முதுநிறம்" என்று எழுதுங்கள். என் கருத்தில் அது பொய்ப்பத்திரம். வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டால் அலங்காரம், சொல்லாவிட்டால் மோசடி.

"பொறிப்புதுக்கம்" கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் எந்த மெக்கானிக்கும் அதை எஞ்சினைப் பிரித்து ரிங், பேரிங் மாற்றிப் பூட்டுவது என்றுதான் எடுத்துக்கொள்வார். அது வேறு வேலை. 216 எஞ்சினையே பிரித்துப் பூட்டினால் அது மீட்டமைப்பின் ஒரு பகுதி. திரைச்சீலை ஐயம் நியாயமானதே. ஆனால் இருக்கைத் தோல் மாற்றுவதற்கு "இருக்கை வேலை" என்ற பேச்சு ஏற்கெனவே உள்ளது, அதோடு இது மோதாது. உட்புதுக்கத்திலேயே நிற்கிறேன்.

> 6 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றி

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இது. நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான்: இரும்பை வெட்டினார்களா? 12 வோல்ட் மாற்றம் திருகு கழற்றிப் பூட்டுகிற வேலை. வேண்டாம் என்றால் ஒரு வார இறுதியில் திருப்பிவிடலாம். இருக்கைப் பட்டை உயிர் காப்பது. அதைக் காரணம் காட்டி மீட்டமைப்பு இல்லை என்று சொல்பவரோடு நான் வாதாட மாட்டேன், அவர் வண்டியில் ஏறவும் மாட்டேன். எஞ்சின் மாறினால் அது உட்புதுக்கம்தான், ஐயமில்லை. ஆனால் அதற்குள்ளேயே இரண்டு வகை இருக்கிறது. புது எஞ்சினுக்கான தாங்கிகளைப் பழைய சட்டத்தின் துளைகளிலேயே பொருத்தி, 216-ஐ எண்ணெய் தடவிக் கொட்டகையில் வைத்திருக்கிறவர் ஒருவர். முன்சட்டத்திலிருந்த பழைய தாங்கிகளை அறுத்தெடுத்து மஸ்டாங் பாணிக் குறுக்குச்சட்டத்தைப் பற்றவைத்தவர் இன்னொருவர். இரண்டாவது வண்டி பழைய நிலைக்குத் திரும்பாது. வாங்குகிறவருக்கு இது தெரிந்தாக வேண்டும், விலையும் அதைப் பொறுத்தது. ஆங்கிலச் சொல் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. நாம் "வெட்டிலா உட்புதுக்கம்", "வெட்டிய உட்புதுக்கம்" என்று சொல்லிவிடலாம். புதிதாகச் சொல் செய்யும்போது மூலத்தில் இல்லாத தெளிவைச் சேர்ப்பது குற்றமில்லை.

தம்பி, நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. தொட்டியின் வகைகள். பழைய வண்டிகளில் தொட்டி குறுகல். மட்கார்டு வெளியே புடைத்து நிற்கும், அதற்கும் அறைக்கும் நடுவே கால் வைக்க ஒரு படி இருக்கும். செவ்ரோலே அதை ஸ்டெப்சைட் என்றது, ஃபோர்டு ஃபிளேர்சைட் என்றது, டாட்ஜ் யூட்டிலைன் என்றது. பொருள் ஒன்று, வணிகப் பெயர்கள் பல. அறையின் அகலத்துக்கே பக்கங்கள் நேராக ஓடும் தொட்டியை ஃபோர்டு 1957-இல் ஸ்டைல்சைட் என்றும், செவ்ரோலே 1958-இல் ஃபிளீட்சைட் என்றும், டாட்ஜ் 1959-இல் ஸ்வெப்ட்லைன் என்றும் விற்றன. அதற்கு முன்னோட்டமாக 1955-இல் செவ்ரோலே கேமியோ வந்தது. அதில் இரும்புத் தொட்டிக்கு மேல் கண்ணாடியிழைப் பலகைகளைப் போர்த்தி நேராகக் காட்டினார்கள். வணிகப் பெயர்களை மொழிபெயர்க்காதீர்கள், அப்படியே விடுங்கள். பொதுப்பெயராக "படிப்பக்கத் தொட்டி", "நேர்ப்பக்கத் தொட்டி" போதும்.

கூரையை அறுத்து இறக்குவதற்குக் "கூரை இறக்கம்". 1956 ஃபோர்டு எஃப்-100 வண்டியில் இதைச் செய்வது தலைவலி என்று எழுத மறக்காதீர்கள்: அந்த உடலமைப்பில் அந்த ஓராண்டு மட்டும் முன்கண்ணாடி பக்கவாட்டில் வளைந்து சுற்றும். தட்டைக் கண்ணாடியை யாரும் குறுக்கி வெட்டித் தருவார்கள். வளைந்ததை வெட்டினால் பெரும்பாலும் விரிசல்தான் மிஞ்சும். "பிறைவெட்டு" என்று பின்சட்ட வேலைக்கு ஒரு சொல் மனத்தில் இருக்கிறது. வெட்டுக்கு மேல் வலுவூட்டும் தகட்டையும் சேர்த்து அது குறிக்குமா என்பதில் மட்டும் அம்மாவின் கருத்து வேண்டும்.

கெப் பற்றிய குறிப்பை முதல் பத்தியிலேயே போட்டுவிடுங்கள் தம்பி. கட்டுரையை அனுப்பினால் இந்த வாரத்துக்குள் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
டெக்சஸிலிருந்து