செப்டிக் டேங்க் அடியில் கசடு இறுகிவிட்டது: ஆள் இறங்காமல் எடுக்க என்ன வழி?

கேள்வி: புறநகர்_சங்கச்செயலர்

வணக்கம். தாம்பரம் தாண்டி, பாதாளச் சாக்கடை இன்னும் வராத பகுதியில் 24 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. செப்டிக் டேங்க் 18 அடி நீளம், 8 அடி அகலம், 7 அடி ஆழம். நடுவே தடுப்புச்சுவர், இரண்டு அறைக்கும் தனித்தனி மூடி. ஆறு வருஷமாக மேல் தண்ணீரை மட்டும் லாரியில் எடுத்து வந்திருக்கிறார்கள். இப்போது தரைத்தளக் கழிப்பறைகளில் தண்ணீர் எதிர்த்து வருகிறது.

வந்து பார்த்த ஒப்பந்தக்காரர் சொன்னது: "அடியில ரெண்டு அடிக்கு இறுகிப் போச்சு, ஹோஸ் இழுக்காது. ஒரு பையன் அரை மணி நேரம் இறங்கி பக்கெட்ல அள்ளிக் கொடுத்தா முடிஞ்சிடும். அதுக்குத் தனியா 3,000. மூடிய காலையிலயே திறந்து வெச்சிட்டா கேஸ் எல்லாம் போயிடும்." இறங்குகிறவர் சம்மதக் கடிதமும் எழுதித் தருவாராம்.

எனக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை. ஆனால் சங்கக் கூட்டத்தில் "அப்போ வேற வழி என்ன, நீங்களே சொல்லுங்க" என்று நிற்கிறார்கள். அந்த வழியைத்தான் கேட்கிறேன்.

பதில் 1: கழிவுநீர்_பொறியாளர்

சங்கத்தில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: ஹோஸ் இழுக்காததற்குக் காரணம் கசடு அல்ல, எடுத்த முறை. மேல் தண்ணீரை முழுக்க உறிஞ்சிவிட்டு அடியை விட்டால், தண்ணீர் இல்லாத கசடு களிமண் மாதிரி உட்கார்ந்துவிடும். வேக்குவம் பம்பு குழம்பைத்தான் இழுக்கும், கட்டியை இழுக்காது. ஆகவே கட்டியை மறுபடி குழம்பாக்க வேண்டும். அதற்குத் தண்ணீர் உள்ளேயே இருக்க வேண்டும்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். தரைப்பரப்பு 144 சதுர அடி. இரண்டு அடி கசடு என்றால் 288 கன அடி, அதாவது 8,000 லிட்டருக்குச் சற்று மேல். 6,000 லிட்டர் லாரி ஒன்றரை நடையில் எடுக்கக்கூடிய அளவுதான். மேலே உள்ள தண்ணீரும் கரைக்க விடும் தண்ணீரும் சேர்த்து ஐந்தாறு நடை ஆகும். லாரி பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். இரண்டு நடைக்குப் பேசிவிட்டு அதற்குள் முடிக்கச் சொன்னால், கடைசியில் யாரையாவது இறக்கத்தான் பார்ப்பார்கள்.

வெறுமே உறிஞ்ச மட்டும் செய்யும் சக்‌ஷன் லாரி வேண்டாம். தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சும் ஜெட்டிங்கும் சக்‌ஷனும் சேர்ந்த வண்டியைக் கேளுங்கள். கசடு பெரும்பாலும் முதல் அறையில்தான் இருக்கும், அங்கிருந்து ஆரம்பியுங்கள். ஒரு நடை மேல் தண்ணீரை மட்டும் எடுத்து ஜெட் தண்ணீருக்கு இடம் விடுங்கள். கசடுக்கு மேல் மூன்று அடி தண்ணீராவது நிற்கட்டும். ஜெட் குழாயை அடிவரை விட்டு மூலை மூலையாக அடித்துக் கலக்கி, கலங்கியது படிவதற்குள் சக்‌ஷன் ஹோஸைத் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் பிடித்து இழுக்க வேண்டும். மறுபடி கலக்கு, மறுபடி இழு. மூடிக்கு நேர்கீழ் இல்லாத மூலைகளுக்கு, ஹோஸ் நுனியை நீளமான மூங்கிலிலோ ஜிஐ பைப்பிலோ கட்டி மேலே நின்றபடியே சாய்த்துக் கொண்டுபோகலாம். ஜெட் வண்டி கிடைக்காவிட்டால், உறிஞ்சிய குழம்பில் பாதியைப் பம்பைத் திருப்பிப் போட்டு அழுத்தத்தோடு தொட்டிக்குள்ளேயே விடச் சொல்லுங்கள். அதுவும் நன்றாகக் கலக்கும். நேரம்தான் கூடும்.

ஹோஸ் அடைத்துக்கொண்டால் பத்தில் ஒன்பது முறை நாப்கின், டயப்பர், துணி, தலைமுடிக் கற்றை. நீளக் கைப்பிடியுள்ள கொக்கியால் மேலிருந்தே எடுக்கலாம். கட்டட வேலையின்போது கொட்டிய சிமெண்ட், ஜல்லி கிடந்தால் அப்படியே கிடக்கட்டும். அது கொள்ளளவைக் கொஞ்சம் குறைக்குமே தவிர வேறு கெடுதல் செய்யாது.

தொட்டியைத் துடைத்து எடுக்கவே தேவையில்லை. இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 2470-இன்படியே, 25 மில்லிமீட்டர் கசடாவது அடியில் இருக்க வேண்டும், புதுக் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களுக்கு அதுதான் உறை. "அடிவரை சுத்தமா இருக்கணும்" என்று வீட்டுக்காரர்கள் பிடிக்கும் பிடிவாதமே பல இடங்களில் ஆளை இறக்குகிறது.

ஆசிட் ஊற்றிக் கரைக்கலாம் என்று யாராவது சொன்னால் உடனே தடுத்துவிடுங்கள். கசடில் உள்ள சல்ஃபைடோடு ஆசிட் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு கொப்பளித்து வரும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு. இரண்டுமே மேலே நிற்பவரையே வீழ்த்தும்.

பதில் 2: வாயு_மீட்டர்

"மூடியைத் திறந்து வெச்சா கேஸ் போயிடும்" என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இந்த ஒரு நம்பிக்கை எத்தனை குடும்பங்களை அழித்திருக்கிறது என்று நினைத்தாலே மனசு ஆறவில்லை.

ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றை விடக் கனமானது. மேலே மூடி திறந்திருந்தாலும் அது அடியில் தங்கும். இறுகிய கசடுக்குள் அது குமிழ் குமிழாகச் சிறைப்பட்டிருக்கிறது. மண்வெட்டி பட்டவுடன் மொத்தமாக வெளியே வரும். "இறங்கும்போது நல்லாத்தான் இருந்தாரு, ரெண்டு பக்கெட் கொடுத்தாரு, அப்புறம் சாய்ஞ்சுட்டாரு" என்று பிறகு சொல்வது இதனால்தான்.

அதன் அழுகிய முட்டை வாடை ஒரு பிபிஎம்முக்குக் (காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழேயே மூக்குக்குத் தெரியும். 100 பிபிஎம் வாக்கில் மோப்ப நரம்பு மரத்துப்போகும், வாடை நின்றுவிடும். வாடை குறைந்தால் வாயு குறைந்தது என்று நினைக்கிறவர் அந்த நேரத்தில் சாவுக்குப் பக்கத்தில் நிற்கிறார். 500-ஐத் தாண்டினால் சில நிமிடத்தில் நினைவு போகும். 700-க்கு மேல் இரண்டு மூச்சு போதும்.

மெழுகுவத்தியை இறக்கிப் பார்ப்பது அதைவிட மோசம். தொட்டியில் உண்டாகும் இன்னொரு வாயுவான மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும். சுடர் அணையாமல் எரிந்தாலும் அது ஆக்சிஜனைப் பற்றி மட்டுமே ஏதோ சொல்கிறது, ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஈரத்துண்டு, சர்ஜிக்கல் மாஸ்க், என்95 எதுவும் வாயுவை நிறுத்தாது, ஆக்சிஜனும் தராது.

மேலே நின்று வேலை செய்கிறவர்களுக்கும் ஆபத்து உண்டு. கலக்கும்போது திறப்பின் மேல் குனியக் கூடாது, காற்று வரும் பக்கம் முதுகு காட்டி நிற்க வேண்டும். பீடி, சிகரெட் வேண்டவே வேண்டாம். நான்கு வாயுக்களை அளக்கும் மீட்டர் ஒன்று திறப்பின் விளிம்பில் ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம்மைத் தொட்டாலோ ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலோ எல்லாரும் விலகி, ப்ளோயர் (காற்று தள்ளும் கருவி) போட்டு, அளவு இறங்கிய பிறகு தொடருங்கள். திறந்த வாய்க்கு இரும்புக் கிராதி போட்டு, சுற்றிலும் கயிறு கட்டி, குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

எவ்வளவு சொல்லியும் யாராவது உள்ளே விழுந்துவிட்டால், காப்பாற்ற யாரும் இறங்கக் கூடாது. ஒரு தொட்டியில் இரண்டு மூன்று பேர் சாவது இப்படித்தான்: முதலாமவர் வேலைக்கு இறங்குகிறார், அண்ணனோ மகனோ அவரைத் தூக்க இறங்குகிறார். உடனே 101, 108 இரண்டுக்கும் அழையுங்கள். தீயணைப்புத் துறையிடம் சொல்லும்போது "செப்டிக் டேங்க், விஷவாயு, மூச்சுக்கருவி வேண்டும்" என்ற மூன்றையும் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை செய்யக்கூடியது, ப்ளோயர் குழாயை உள்ளே விட்டுச் சுத்தமான காற்றைத் தள்ளிக்கொண்டே இருப்பது.

பதில் 3: தொழிலாளர்_சட்டம்

சம்மதக் கடிதத்துக்கு வருகிறேன். அது சங்கத்தைக் காப்பாற்றாது. ஆபத்து தெரிந்தே செய்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும்.

2013-ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தடைச் சட்டம், 7-ஆம் பிரிவு: எந்த நபரும், உள்ளாட்சியும், நிறுவனமும் சாக்கடை, செப்டிக் டேங்கில் அபாயகரமான துப்புரவுக்கு ஆளை நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடுத்தக் கூடாது. "மறைமுகமாக" என்ற சொல் உங்களுக்கும் பொருந்தும், ஒப்பந்தக்காரர் மேல் தள்ளிவிட முடியாது. 9-ஆம் பிரிவின்படி முதல் முறைக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை 5 ஆண்டு, 5 லட்சம் வரை. பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீன் கொடுத்தாக வேண்டிய குற்றமும் அல்ல. உயிர் போனால், அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கான பாரதிய நியாய சம்ஹிதா (குற்றவியல் சட்டம்) 106-ஆம் பிரிவும் சேரும். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ கையால் மலம் அள்ள வைத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாயும்.

"கையுறை, பூட்ஸ் கொடுத்துத்தானே இறக்குறோம்" என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். பாதுகாப்புக் கருவியோடு இறங்குவதையும் 2013 விதிகள் சில சூழல்களுக்கு மட்டுமே விட்டுவைத்திருக்கின்றன: இயந்திரம் செல்லவே முடியாத இடத்தில் உடைந்த மூடியை எடுப்பது, புதுக் குழாயை இணைப்பது, அடியில் பொருத்திய பம்பைக் கழற்றுவது போன்றவை. வேறு காரணம் என்றால் உள்ளாட்சியின் தலைமை அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதிக்க வேண்டும். வழக்கமாகக் கசடு எடுப்பது அந்தப் பட்டியலில் இல்லை.

இழப்பீடு: உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27 தீர்ப்பில் ஓர் உயிருக்கு 10 லட்சம் என்றது. 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் அதை 30 லட்சமாக உயர்த்தி, நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம் என்றும் வைத்தது.

லாரிக்கு உள்ளாட்சி உரிமம் இருக்கிறதா, கழிவை எங்கே கொட்டுகிறார்கள் என்று கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கிய சீட்டைக் காட்டினால்தான் பணம் என்று வையுங்கள். உரிமமுள்ள வண்டி தெரியாவிட்டால் 14420 என்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். யாராவது ஆளை இறக்கப் பார்த்தாலும் அதே எண்ணில் புகார் சொல்லலாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஜெட்டிங் வண்டியே பேசப் போகிறோம். அந்த 3,000-ஐ வேண்டாம் என்றால் அந்தப் பையனுக்கு ஒரு நாள் கூலி போய்விடுமே என்று ஒரு உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. பிறகு, இனிமேல் இந்த நிலை வராமலிருக்க என்ன செய்வது?

பதில் 4: தூய்மைப்பணி_தோழமை

கேள்வி நியாயமானது. பணத்தைக் குறைக்காதீர்கள், எதற்குக் கொடுக்கிறோம் என்பதை மாற்றுங்கள். மேலே நின்று ஹோஸ் பிடிக்கவே இரண்டு மூன்று பேர் வேண்டும், அந்தப் பையனும் அதில் ஒருவராக இருக்கட்டும். அந்த 3,000-ஐ உதவியாளர்கள் கூலியாக ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதி, அவர்கள் கையில் நேரடியாகக் கொடுங்கள். கூடவே "எந்த நிலையிலும் யாரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது, முடியாவிட்டால் வேலையை நிறுத்திவிட்டுச் செல்லலாம், வந்துபோன நடைக்குப் பணம் உண்டு" என்றும் எழுதுங்கள். வேலை முடியாவிட்டால் பணமில்லை என்ற நெருக்கடி இருக்கும்வரை தடை காகிதத்தோடு நின்றுவிடும்.

முழங்கைவரை ரப்பர் கையுறை, கம் பூட்ஸ், கண்ணாடி மூன்றும் கட்டாயம். ஒப்பந்தக்காரர் கொண்டுவராவிட்டால் சங்கமே வாங்கி வைக்கலாம், பெரிய செலவில்லை. கையில் காலில் வெட்டுக்காயம் உள்ளவர் அன்று ஹோஸ் தொட வேண்டாம், எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. தரைத்தளத்தில் ஒரு குளியலறையைத் திறந்துவிட்டு, சோப்பும் துண்டும் வையுங்கள். குடிக்கத் தண்ணீரை நீங்கள் குடிக்கும் டம்ளரிலேயே கொடுங்கள். இதெல்லாம் உபசாரக் கணக்கில் வராது, அவர்கள் உரிமை. பேர் கேட்டுப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், "டேய்" போடுகிறவர் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மத்திய அரசின் நமஸ்தே திட்டத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பாதுகாப்பு உடையும் மருத்துவக் காப்பீடும் அதில் உண்டு.

இனிமேலுக்கு: ஆறு மாதத்துக்கு ஒருமுறை கசடை அளந்து எழுதி வையுங்கள். நீளக் கம்பின் அடிப்பகுதி நாலு அடிக்கு வெள்ளைத் துண்டைச் சுற்றி, அடிதொட இறக்கி, சில நிமிடம் நிறுத்தி மெதுவாகத் தூக்கினால், கறுப்பு ஒட்டிய உயரம்தான் கசடின் உயரம். தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கினால் லாரியைக் கூப்பிடலாம். எப்படியும் மூன்று வருஷத்தைத் தாண்ட விடாதீர்கள். நாப்கினுக்கு ஒவ்வொரு தளத்திலும் மூடியுள்ள தனிக் கூடை வைத்தாலே ஹோஸ் அடைப்பு பாதி தீரும்.

ஒன்று விட்டுப்போனது. கசடு எடுத்து முடித்த அன்றே தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிடுங்கள். உங்கள் பக்கம் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வரும். காலித் தொட்டியின் சுவர் வெளி அழுத்தத்தில் விரிசல் விடலாம். ஐப்பசி மழைக்கு முன்பே வேலையை முடித்துக்கொள்வது நல்லது.