வாய் 22 மி.மீ. தான் திறக்கிறது, முழு பல்செட்டுக்கு அளவு எடுப்பது எப்படி?

கேள்வி:
நோயாளிக்கு வயது 58. பல வருடம் பாக்கு போட்டதால் ஓஎஸ்எம்எஃப் (வாயின் உள்தசை நாராகி இறுகும் நோய்). மேலும் கீழும் பல்லே இல்லை. முன்பக்கம் ஈறுக்கும் ஈறுக்கும் நடுவே 22 மி.மீ. தான் இருக்கிறது. கடைவாயும் இழுபடவில்லை, சின்ன ஸ்டாக் ட்ரேகூட (அளவு எடுக்கும் ரெடிமேட் தட்டு) நுழையவில்லை. மேல்தாடைக்கு எப்படி அளவு எடுக்கலாம்? எடுத்தாலும் பல்செட் உள்ளே போகுமா?

பதில் 1:
டாக்டர், இங்கே இடிப்பது ட்ரேயின் அகலம். அதை நடுவில் இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

முதல் அளவுக்கு ட்ரேயே வேண்டாம். பட்டியை (மாவு போன்ற கெட்டி சிலிகான்) பிசைந்து விரலாலேயே அழுத்துங்கள், இறுகியபின் வளைத்து எடுக்கலாம். மேலே லைட் பாடி (இளகிய சிலிகான்) பூசித் திரும்ப வையுங்கள். வழக்கமான அளவுப் பொருளான அல்ஜினேட் வேண்டாம்; கிழியும், துண்டு தொண்டைக்குப் போகும்.

அந்த மாடலில் கோல்டு கியூர் அக்ரிலிக்கால் (சூடாக்காமலே இறுகும் பிளாஸ்டிக்) 2 மி.மீ. கனத்தில் வலது பாதி ட்ரே. நடுக்கோட்டில் நேராக ராவி, வாஸ்லின் தடவி, இடது பாதி அதன்மேல் 5 மி.மீ. ஏறும்படி செய்யுங்கள். ஏறும் இடத்தில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு பூட்டுக்குழி வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் அதைச் சுற்றியே ட்ரே திரும்பிவிடும்.

வாயில் வலதுதான் முதலில். இறுகியதும் வெளியே எடுத்து, நடுக்கோட்டைத் தாண்டி வழிந்ததைப் பிளேடால் வெட்டுங்கள். வெட்டு முகத்தில் வாஸ்லின் தடவ மறக்காதீர்கள், சிலிகானோடு சிலிகான் ஒட்டிக்கொள்ளும். வலதைத் திரும்ப வைத்து, இடதைப் பூட்டுங்கள். கழற்றும்போது இடது முதலில்.

யூஜினால் (கிராம்பு எண்ணெய்ச் சத்து) கலந்த அளவு பேஸ்ட் வேண்டவே வேண்டாம். காரமே தாங்காத வாய், எரிந்துபோகும்.

பதில் 2 (லேப்):
இரண்டு பாதியையும் பூட்டி, ஸ்டிக்கி வாக்ஸ் (ஒட்டும் மெழுகு) வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒளிக்கீற்று தெரிந்தால் ஸ்டோன் (மாடல் செய்யும் ஜிப்சம் மாவு) ஊற்றாதீர்கள். அண்ணத்தில் சிறு படி விழுந்தாலும் பல்செட் ஆடும்.

பல்செட் போகுமா என்பதை பேஸ் பிளேட் (பல் வைக்காத சோதனை அடித்தட்டு) சொல்லிவிடும். ஒரு கடைவாயில் சாய்த்து நுழைத்துத் திருப்பிப் பாருங்கள். போனால் சாதாரண பல்செட்டே போதும். இரண்டாவது கடைவாய்ப் பல்லை விட்டுவிடலாம். போகாவிட்டால்தான் காந்தத்தால் சேரும் இரண்டு துண்டு பல்செட். காந்தத்தின் உறையில் விரிசல் விட்டால் எச்சில் பட்டுத் துருப்பிடிக்கும். கீல் வைத்தால் இடுக்கில் சோறு தங்கும். எதுவானாலும் நோயாளி தன் கையாலேயே போட்டுக் கழற்ற வேண்டும்.

பதில் 3:
இதற்கெல்லாம் முன், கன்னத்திலும் நாக்கின் ஓரத்திலும் வெள்ளை, சிவப்புத் திட்டோ ஆறாத புண்ணோ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பயாப்சி (சதைத் துணுக்குப் பரிசோதனை) முடியும்வரை அளவே எடுக்க வேண்டாம். பாக்கைப் புற்றுநோய்க் காரணியாக ஐஏஆர்சி (உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு) 2004இலேயே முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்று தருவது உறுதி என்ற பிரிவில், சேர்த்துவிட்டது. இன்னும் போடுகிறாரென்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இறுக்கம் கூடினால் செய்த பல்செட்டும் நுழையாது.

கேட்டவர்:
நன்றி. பேஸ் பிளேட் சோதனை முடிந்ததும் எழுதுகிறேன்.