டென்வரில் வழிகாட்டி இல்லாமல் நடந்து பார்க்கையில் இரண்டு முறை வழி தவறிவிட்டோம், உதவி தேவை

வழிதேடி:
வணக்கம். அவசரமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுடன் டென்வர் வந்திருக்கிறேன். வழிகாட்டி யாரையும் அமர்த்தாமல், குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நாங்களே நடந்து நகரின் பழைய பகுதிகளைப் பார்த்துவிடலாம் என்று நினைத்தோம். நேற்றும் இன்றும் கிளம்பினோம். இரண்டு முறையும் வழி தவறிவிட்டது. குறிப்பில் சொன்னபடிதான் நடந்தேன், இருந்தும் தங்கக் கூரை வேய்ந்த கேப்பிட்டலை, அதாவது கொலராடோ மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தை, போய்ச் சேரவே இல்லை. ஃபோனில் உள்ள திசைகாட்டியும் உதவவில்லை. அம்மாவுக்குத் தலைவலி வேறு, மூச்சும் வாங்குகிறது. நாளை ஒரு நாள்தான் மிச்சம். எங்கே தவறு செய்கிறேன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாதசாரி:
எங்கிருந்து கிளம்பினீர்கள், எந்தத் தெருவில் நடந்தீர்கள், எங்கே போய் முட்டினீர்கள் என்ற மூன்றையும் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! குறிப்பு என்கிறீர்கள், அது அச்சிட்ட வரைபடமா, யாராவது எழுதிக் கொடுத்ததா? அதில் உள்ள வாசகத்தை ஓர் எழுத்து விடாமல் இங்கே எழுதுங்கள். தவறு பெரும்பாலும் அந்த வாசகத்தில்தான் இருக்கும்.

நலம்விரும்பி:
வழியைப் பிறகு பார்க்கலாம், முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள். வயது என்ன, டென்வருக்கு வந்து எத்தனை நாள், எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறாரா, உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குகிறதா, நடக்கும்போது மட்டுமா? டென்வர் 5,280 அடி உயரத்தில், அதாவது 1,609 மீட்டரில் இருக்கும் ஊர். கடற்கரை ஊரோடு ஒப்பிட்டால் அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்றும் மிக வறண்டது. வியர்வை தோலில் நிற்காமல் உடனே உலர்ந்துவிடுவதால், உடம்பில் நீர் குறைவது வெளியே தெரியாது. என் கணிப்பில் தலைவலிக்கு முதல் காரணம் தண்ணீர் போதாமைதான்.

திசைமானி:
திசைகாட்டி உதவவில்லை என்கிறீர்கள். உயரமான இரும்புச் சட்டகக் கட்டடங்களுக்கு நடுவே ஃபோனின் காந்த உணரி தடுமாறும். ஃபோனைக் கையில் பிடித்து எட்டு வடிவில் நான்கைந்து முறை சுழற்றினால் சரியாகிவிடும். காந்தம் வைத்த உறை போட்டிருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். இதைச் செய்தாலே உங்கள் சிக்கல் தீர்ந்துவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கற்றவன்:
டென்வரைப் பற்றி இதே கேள்வியை இங்கே பலர் கேட்டாயிற்று, நானும் பலமுறை பொறுமையாக விடை எழுதியிருக்கிறேன். ஓர் ஊருக்குப் போவதற்கு முன் அந்த ஊரின் தெரு அமைப்பை ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து படிப்பது பயணியின் அடிப்படைக் கடமை. அதைச் செய்யாமல் கிளம்பிவிட்டு, திசைகாட்டியைக் குறை சொல்வதில் பொருளில்லை. மலை இருக்கும் பக்கம் மேற்கு. இந்த ஒன்றை அறிந்தவர் டென்வரில் வழி தவற வாய்ப்பே இல்லை.

இளவேனில்:
கற்றவன் ஐயா, அந்த ஊரில் ஒன்பது ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். மலை மேற்கே இருப்பது உண்மை. ஆனால் நகர மையத்தின் அடுக்குமாடிகளுக்கு இடையே நிற்பவருக்கு மலை எங்கே தெரியும்? முதன்முறை வருபவர்கள் இதே இடத்தில்தான் குழம்புகிறார்கள். வழிதேடி அவர்கள் முழு விவரத்தையும் எழுதட்டும், பார்க்கலாம்.

வழிதேடி:
விவரம் விட்டதற்கு மன்னியுங்கள். டாலஸிலிருந்து வந்தோம், வந்து இரண்டு நாளாகிறது. அம்மாவுக்கு 66 வயது, அழுத்த மாத்திரை உண்டு, நடக்கும்போது மட்டும்தான் மூச்சு வாங்குகிறது. ஓர் அச்சிட்ட கையேட்டைப் பார்த்து நான் சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். முதல் நாள் லாரிமர் சதுக்கத்திலிருந்து "கிழக்கே" என்று இருந்ததைப் பார்த்து நடந்தோம். ஒவ்வொரு முனையிலும் கிழக்கு என்பது இரண்டு தெருக்களுக்கு நடுவே ஒரு கட்டடத்தின் மூலையைக் காட்டியது. இன்று காலை பதினொன்றரைக்கு யூனியன் ஸ்டேஷன் என்ற ரயில் நிலையத்திலிருந்து கிளம்பினோம். என் குறிப்பில் "17இல் பிராட்வே வரை, முக்கோண ஹோட்டல், பிறகு கேப்பிட்டல்" என்று இருக்கிறது. அந்த ஹோட்டலைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்து 17லேயே நேராக நடந்தோம். வெகு தூரம் போன பிறகு பென்சில்வேனியா என்ற தெருப் பலகை வந்தது, சுற்றிலும் உணவகங்களும் வீடுகளுமாக இருந்தன. இரண்டு மணிக்கு இடி இடித்து மழை பிடித்துக்கொண்டது, திரும்பிவிட்டோம்.

இளவேனில்:
இப்போது தெளிவாகிவிட்டது. திசைகாட்டி சரியாகத்தான் காட்டியிருக்கிறது. நீங்கள் 17ஆம் ஸ்ட்ரீட்டில் நடந்துவந்து, அறியாமலே 17ஆம் அவென்யூவுக்குள் நுழைந்துவிட்டீர்கள். எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு ஸ்ட்ரீட், அவென்யூ என்ற சொல்லை விட்டதுதான் தவறு. டென்வரில் அந்தச் சொல்தான் முகவரியின் பாதி.

காரணத்தைச் சொல்கிறேன், தெரிந்தால் மறுபடி குழம்ப மாட்டீர்கள். 1858இல் செர்ரி கிரீக் ஓடையும் சவுத் பிளாட் ஆறும் கூடும் இடத்துக்கு அருகே தங்கம் தேடி வந்தவர்கள் அந்த ஓடையின் இரு கரைகளிலும் ஆரேரியா, டென்வர் சிட்டி என இரண்டு ஊர்களை அமைத்தார்கள். 1860இல் அவை ஒன்றாயின. அவர்கள் தெருக்களை நாற்றிசைக்கு ஏற்ப வகுக்கவில்லை, நீரோட்டத்தை ஒட்டியே வகுத்தார்கள். அதனால் பழைய டென்வர் முழுவதும் ஏறத்தாழ 45 பாகை சாய்ந்து கிடக்கிறது. எண்ணிட்ட ஸ்ட்ரீட்டுகள் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகவும், பெயரிட்ட தெருக்கள் அவற்றுக்குக் குறுக்காகவும் ஓடுகின்றன. நீங்கள் முதல் நாள் கிழக்கைத் தேடியபோது கட்டடத்தின் மூலை தெரிந்தது இதனால்தான். பின்னர் ஹென்றி பிரவுன் என்பவர் மேட்டுப் பகுதியில் இருந்த தம் நிலத்தைப் பிரித்தபோது வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நேராக வகுத்தார்; அந்தப் பக்கத்தில் எண்ணிட்ட தெருக்களுக்கு அவென்யூ என்று பெயர். சாய்ந்த ஊரும் நேரான ஊரும் பிராட்வேயில் முட்டிக்கொள்கின்றன. முட்டும் இடத்தில் மனைகள் முக்கோணமாகத்தான் அமையும். நீங்கள் பார்த்த முக்கோண ஹோட்டல், 1892இல் திறந்த பிரவுன் பேலஸ், அந்த முட்டலின் மேலேயே நிற்கிறது. கேப்பிட்டல் எழுந்த நிலமும் அதே பிரவுன் 1868இல் கொடுத்ததுதான்.

ஹோட்டலுக்கு வெளியே நின்று நேராகப் போகாமல், வலப்பக்கம் திரும்பி பிராட்வேயில் தெற்கே நடந்திருந்தால், கோல்ஃபாக்ஸ் அவென்யூவைத் தொட்டதும் இடப்பக்கம் தங்கக் கூரை கண்ணில் பட்டிருக்கும். நீங்கள் அதை விட்டு லிங்கன், ஷெர்மன், கிராண்ட், லோகன் என நான்கு தெருக்களைக் கடந்து பென்சில்வேனியாவுக்குப் போயிருக்கிறீர்கள்.

திசைமானி:
ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் எட்டு வடிவில் சுழற்றுவது நல்லது.

வழிதேடி:
மிக்க நன்றி அக்கா. கையேட்டை எடுத்துப் பார்த்தேன், அதில் ஸ்ட்ரீட் என்று தெளிவாக அச்சாகியிருக்கிறது, நான்தான் விட்டிருக்கிறேன். இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். கேப்பிட்டல் படிகளில் சரியாக ஒரு மைல் உயரத்தில் இருக்கும் படியில் அம்மாவை நிற்க வைத்துப் படம் எடுக்க வேண்டும். அது எத்தனையாவது படி?

கற்றவன்:
பதினைந்தாவது படி. கல்லிலேயே "கடல் மட்டத்துக்கு ஒரு மைல் மேலே" என்று பொருள்படும் சொற்களைச் செதுக்கியிருக்கிறார்கள். இதில் ஐயத்துக்கு இடமில்லை.

அளவுகோல்:
இடமிருக்கிறது. நில அளவைத் துறையில் பணியாற்றியவன் என்பதால் இதை விளக்கியே ஆக வேண்டும். செதுக்கிய சொற்கள் பதினைந்தாவது படியில் உள்ளன. 1969இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் அளந்து பதினெட்டாவது படியில் ஒரு பித்தளை வட்டைப் பதித்தார்கள். 2003இல் மறுபடி அளந்தபோது பதின்மூன்றாவது படி என்று தெரிந்து அங்கே புதிய வட்டு வைத்தார்கள். இன்றைய அளவைப்படி பதின்மூன்றாவது படிதான் சரி.

கற்றவன்:
மாணவர்கள் அளந்ததையும் கல்லில் பொறித்ததையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. மூன்று விடை இருக்கிறது என்றால் இரண்டு அளவைகள் பிழை என்றுதான் பொருள்.

அளவுகோல்:
அப்படிச் சொல்லிவிட முடியாது ஐயா. கட்டடம் எழும்பவும் இல்லை, அமிழவும் இல்லை. மாறியது கடல் மட்டம் என்ற அடிப்படைதான். கடலிலிருந்து பல நூறு மைல் உள்ளே இருக்கும் ஓர் ஊரில் கடல் மட்டம் எங்கே இருக்கும் என்பதைக் கணக்கிட்டுத்தான் சொல்ல வேண்டும். வட அமெரிக்காவுக்கு 1929இல் வகுத்த அடிப்படையை விட்டுவிட்டு, 1988 என்ற ஆண்டைப் பெயரில் தாங்கிய புதிய அடிப்படைக்கு மாறினார்கள். அந்த மாற்றத்தால் அந்தப் பகுதியில் எல்லா இடங்களின் உயர எண்ணும் ஏறக்குறைய மூன்று அடி கூடியது. எண் கூடினால் ஒரு மைல் கோடு கீழே இறங்கும். பதினெட்டிலிருந்து பதின்மூன்றுக்கு ஐந்து படிகள். ஐந்து படிகளின் உயரம் ஏறக்குறைய அதே மூன்று அடி. 1969இல் அளந்த மாணவர்கள் எந்தப் பிழையும் செய்யவில்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அடிப்படையில் அவர்கள் விடை சரி.

கற்றவன்:
விளக்கத்தை ஏற்கிறேன். ஆயினும் படம் எடுப்பவர் எழுத்து தெரியும் படியில் நிற்பதே முறை என்பது என் கருத்து.

பாதசாரி:
படி எதுவாயினும் அங்கே போய்ச் சேர்வதுதான் இப்போதைய கவலை. உயரத்தைப் பற்றிப் பேசுவதால் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். கேப்பிட்டலின் மேற்குப் படிகள் 5,280 அடியில் இருக்கின்றன; யூனியன் ஸ்டேஷன் அதைவிட ஏறத்தாழ நூறு அடி பள்ளத்தில் இருக்கிறது. நிலையத்துக்கு அருகில் உள்ள கூர்ஸ் ஃபீல்ட் பேஸ்பால் அரங்கில் ஒரு மைல் உயரத்தைக் காட்ட ஊதா நிற இருக்கைகள் போட்டிருக்கிறார்கள். அவை மேல் அடுக்கின் இருபதாவது வரிசையில் இருக்கின்றன. கேப்பிட்டலில் பதின்மூன்று படி ஏறினால் கிடைக்கும் உயரத்துக்கு அங்கே அத்தனை மேலே ஏற வேண்டும். ஆக, வழிதேடி அவர்களின் அம்மா உச்சி வெயிலில், தட்டையான தெரு என்று நம்பி, மேடேறியிருக்கிறார்.

ஆகவே பாதையைத் திருப்பிப் போடுங்கள். காலை எட்டு மணிக்கு யூனியன் ஸ்டேஷனில் 16ஆம் ஸ்ட்ரீட்டின் கட்டணமில்லாப் பேருந்தில் ஏறி, மறுமுனையான சிவிக் சென்டர் வரை போய்விடுங்கள். அங்கிருந்து கேப்பிட்டல் மிக அருகில். படிகளில் நின்று மேற்கே பார்த்தால், பூங்காவுக்கு அப்பால் மலைத்தொடர் தெரியும். பிறகு பிரவுன் பேலஸுக்குள் போய் நடுக்கூடத்தில் நிமிர்ந்து பாருங்கள். எட்டு மாடி உயரத்துக்கு இரும்பு வேலைப்பாட்டுக் கைப்பிடிகளும், அவற்றுக்கு மேல் வண்ணக் கண்ணாடிக் கூரையும் இருக்கும். அங்கிருந்து 16ஆம் ஸ்ட்ரீட்டில் இறக்கமாகவே நடக்கலாம். வழியில் இரண்டு தெரு விலகி 14ஆம் ஸ்ட்ரீட்டுக்குப் போனால், மாநாட்டு மையத்தின் கண்ணாடிச் சுவரில் மூக்கை ஒட்டி உள்ளே எட்டிப் பார்க்கும் நாற்பதடி நீலக் கரடி நிற்கிறது. லாரன்ஸ் ஆர்ஜென்ட் செய்த சிற்பம். மறுபடி 16க்கு வந்து அராபஹோ முனையில் வெனிஸ் மணிக்கூண்டின் சாயலில் கட்டிய டேனியல்ஸ் அண்டு ஃபிஷர் கோபுரத்தைக் கடந்தால், லாரிமர் சதுக்கமும் நிலையமும் அடுத்தடுத்து வரும்.

இளவேனில்:
நல்ல யோசனை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கையேடுகள் தங்கத்தையும் கட்டடங்களையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அராபஹோ என்பது அந்த மண்ணில் வாழ்ந்த மக்களின் பெயர். 1864 நவம்பர் 29இல் சேண்ட் கிரீக்கில் கொலராடோப் படையினர் அராபஹோ, ஷையன் மக்களைக் குழந்தைகள் என்றும் பாராமல் கொன்றார்கள். நிலையத்துக்கு அருகே வாஸி தெருப் பக்கம் சீனர்கள் குடியிருந்த பகுதியை 1880 அக்டோபர் 31இல் ஒரு கும்பல் அழித்தது. நகரம் அதற்கு 2022இல்தான் மன்னிப்புக் கேட்டது. அந்தத் தெருக்களில் நடக்கும்போது அம்மாவுக்கு இதையும் சொல்லுங்கள்.

நலம்விரும்பி:
நான் தண்ணீரைச் சொன்னேன், பாதசாரி மேட்டைச் சொன்னார், இரண்டும் சேர்ந்திருக்கலாம். புட்டியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, தாகம் எடுக்கும் வரை காத்திராமல் குடிக்கச் சொல்லுங்கள். கோடையில் மலைச்சரிவில் சூடேறிய காற்று மேலெழுந்து பிற்பகலில் இடிமேகமாகிக் கிழக்கே ஊருக்குள் வருவது வழக்கம், எனவே பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினாலோ, தலைவலி கூடினாலோ, நடையை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள். இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

வழிதேடி:
விமான நிலைய ரயிலில் இருந்து எழுதுகிறேன். பேருந்தில் மேலே போய் நடந்தே இறங்கினோம், எங்கும் தவறவில்லை. அம்மாவுக்கு இன்று தலைவலி இல்லை. கரடியைப் பார்க்க நேரம் போதவில்லை. படியில் படம் எடுத்துவிட்டோம். எல்லோருக்கும் நன்றி.

அளவுகோல்:
மகிழ்ச்சி. எந்தப் படியில் எடுத்தீர்கள் என்று சொல்லவில்லையே. பதினெட்டாவது படியின் வட்டு படத்தில் விழுந்திருந்தால் அதன் இன்றைய நிலையை அறிய விரும்புகிறேன்.