திரையை எங்கே திருத்துவது: மின்னழுத்தத்திலா, மென்பொருளிலா?

வேளிமலை (தக்கலை)

கோட்டாற்றில் ஸ்டுடியோ நடத்தும் நண்பர் சென்ற வாரம் வேறோர் இழையில், நிறமானியும் (திரையின் நிறத்தை அளக்கும் கருவி) மென்பொருளும் வந்துவிட்ட பிறகு திரையின் அளவுத்திருத்தத்தில் (காலிபரேஷன்) மின்னணுச் சுற்றுகளுக்கு இடமில்லை என்று எழுதியிருந்தார். அதை மறுக்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எல்.சி.டி. பேனலில் ஒரு புள்ளியின் ஒளியைத் தீர்மானிப்பது, அப்புள்ளியின் மின்முனைக்கும் திரை முழுவதற்கும் பொதுவான மின்முனைக்கும் இடையிலுள்ள மின்னழுத்த வேறுபாடு. அந்தப் பொது மின்முனையைத்தான் விகாம் என்கிறோம். திரவப் படிகத்தின் மீது மின்னழுத்தம் ஒரே திசையில் நிலைத்தால், அதிலுள்ள அயனிகள் ஒருபுறம் ஒதுங்கிப் பழைய படம் திரையில் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு சட்டகத்திலும் நேர், எதிர் என்று துருவம் மாற்றப்படுகிறது. விகாம் இந்த இரண்டுக்கும் சரியாக நடுவில் அமைய வேண்டும். ஆனால் புள்ளியின் டிரான்சிஸ்டர் அணையும் கணத்தில், அதன் வாயிலுக்கும் (கேட் என்ற கட்டுப்படுத்தும் முனை) புள்ளிக்கும் இடையிலுள்ள சிறு மின்தேக்கம் புள்ளியின் மின்னழுத்தத்தைக் கீழே இழுத்துவிடுகிறது; எவ்வளவு இழுக்கும் என்பது பேனலுக்குப் பேனல் மாறும். விகாம் விலகியிருந்தால் 60 ஹெர்ட்ஸ் திரையில் 30 ஹெர்ட்ஸ் துடிப்பு உண்டாகும். இதை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய இயலாது, ஏனெனில் அது அனுப்பும் ஒரே எண்ணே நேர்த் துருவத்தில் ஓர் ஒளியாகவும் எதிர்த் துருவத்தில் வேறோர் ஒளியாகவும் வெளிப்படுகிறது. எண்ணைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்த வேறுபாடு போகாது.

முன்பு தொழிற்சாலையில் ஒருவர் துடிப்பைக் காட்டும் சோதனைப் படத்தைப் பார்த்துக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரால் ப்ரீசெட் என்ற சிறு மாறுமின்தடையைத் திருப்பி இதைச் சரிசெய்தார். அந்த ப்ரீசெட்டின் இடத்தில் மின்சாரம் போனாலும் மதிப்பை மறக்காத, கட்டளையால் மாற்றத்தக்க அனலாக் சுற்றை வைத்ததே இந்தத் துறையின் முதன்மையான கண்டுபிடிப்பு என்பது என் வாதம்.

கோட்டாறு ஸ்டுடியோ

சார், விகாம் தொழிற்சாலையில் ஒருமுறை அமைக்கப்படுவது. அதை நான் மறுக்கவில்லை. 144 ஹெர்ட்ஸ் திரையில் அந்தத் துடிப்பே 72 ஹெர்ட்ஸ் ஆகிவிடுகிறது, கண்ணுக்கு எளிதில் தெரியாது. எனக்குச் சிக்கல் தருவது அதன் பிறகு மாறுபவை: பின்னொளியின் பிரகாசம் குறைகிறது, வெள்ளை நிறம் மெல்ல விலகுகிறது, அறையின் வெளிச்சம் மாறுகிறது. இவற்றில் எதுவும் பேனலுக்குள் சேமிக்கப்பட்ட மின்னழுத்தத்துக்குத் தெரியாது. வெளியிலிருந்து அளக்கும் கருவிக்கு மட்டுமே தெரியும்.

அளவுத்திருத்தத்தின் உண்மையான கண்டுபிடிப்புகள் பொதுவான அளவுகோல்களே. 1931இல் சி.ஐ.இ. என்ற பன்னாட்டு ஒளியியல் ஆணையம் நிறத்தை எண்ணாக்கியது, 1996இல் எச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் எஸ்.ஆர்.ஜி.பி. என்ற பொது நிறவெளியை முன்வைத்தன, 2011இல் பி.டி.1886 என்ற தரம் தொலைக்காட்சித் திரையின் காமாவை, அதாவது உள்ளே வரும் எண்ணுக்கும் வெளிவரும் ஒளிக்கும் இடையிலான வளைவை, 2.4 என்று வரையறுத்தது. நான் திருத்திய திருமண ஆல்பம் அச்சகத்திலும் அதே நிறத்தில் வருகிறது என்றால் அதற்கு இவைதாம் காரணம்.

நிரலிடத்தக்க அனலாக் சுற்றுகள் பெரிய நம்பிக்கையோடு வந்து சிறிய மூலைக்குள் ஒதுங்கியவை. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் லீயும் குலாக்கும் 1991இல் சீமாஸ் என்ற சில்லு உருவாக்க முறையில் அனலாக் அணி (வேண்டியபடி இணைத்துக்கொள்ளத்தக்க அனலாக் சுற்றுகளின் தொகுப்பு) ஒன்றை வெளியிட்டார்கள். 1997இல் மோட்டரோலா அத்தகைய சில்லு ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளிலேயே அந்த வரிசையைக் கைவிட்டது. டிஜிட்டல் பக்கம் எஃப்.பி.ஜி.ஏ. என்ற நிரலிடத்தக்க சில்லு அடைந்த இடத்தை அனலாக் அணி ஒருபோதும் அடையவில்லை.

வேளிமலை (தக்கலை)

பொதுப் பயன்பாட்டு அனலாக் அணி வெல்லவில்லை என்பது மெய். வென்றது ஒரே வேலைக்கென வடிவமைக்கப்பட்ட அனலாக் சுற்று. தோற்றதைக் காட்டி வென்றதை மறைக்க வேண்டாம்.

உங்கள் மென்பொருள் செய்வதை எண்ணிப் பாருங்கள். வெள்ளை நீலமாக இருக்கிறது என்பதற்காக நீலத்தை 85 விழுக்காடாகக் குறைத்தால், 8 பிட் வழியில் அந்த நிறத்தின் உச்ச எண் 255இலிருந்து 217 ஆகிறது. ஏறக்குறைய 38 படிகள் போய்விடுகின்றன. மணமக்களின் பின்னால் உள்ள வானத்தில் பட்டை பட்டையாகத் தெரிவது பெரும்பாலும் அதனால்தான். மானிட்டருக்குள் 10 முதல் 14 பிட் வரையுள்ள திருத்த அட்டவணை இருந்தால் இழப்பு குறையும் என்று சொல்வீர்கள். அதையும் ஏற்கிறேன். ஆயினும் அந்த எண் கடைசியில், புள்ளிகளுக்கு மின்னழுத்தம் தரும் சில்லான சோர்ஸ் டிரைவரின் மின்தடை ஏணிக்குள் சென்று மின்னழுத்தமாகிறது. ஏணிக்கு வெளியிலிருந்து தரப்படும் காமா மின்னழுத்தங்களே அந்த வளைவின் முளைகள். முளை தவறான இடத்தில் அடிக்கப்பட்டிருந்தால், அட்டவணையின் துல்லியம் முழுவதும் அந்தத் தவற்றை ஈடுகட்டுவதிலேயே செலவாகிவிடும்.

ஆசான் (மார்த்தாண்டம், டி.வி. சர்வீஸ்)

நீங்கள் இருவரும் கண்டுபிடித்தவரைப் பற்றியே பேசுகிறீர்கள். பழுது பார்ப்பவரைப் பற்றியும் சிறிது பேசுவோம். தொட்டிப்பாலத்தில் நீர் கசிந்தால் கீழே வயலில் வரப்பைத் திருத்திப் பயனில்லை என்ற வகையில், வேளிமலை சார் சொல்வதே சரி. ப்ரீசெட்டை ஒழித்ததிலும் எனக்கு வருத்தமில்லை. கொளச்சல், முட்டம் பக்கத்திலிருந்து வரும் பழைய மானிட்டர்களில் ப்ரீசெட்டின் கரித்தடம் உப்புக் காற்றால் கெட்டு, தொட்டாலே படம் நடுங்கும் நிலையில் இருக்கும். நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. மூடிய சில்லு இந்த ஊருக்கு ஏற்றதே.

ஆனால் அந்த மூடியைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்கிறது? பழைய டி-கான் போர்டில் (பேனலை இயக்கும் பலகை) ஏஎஸ்15-எஃப் என்ற காமா பஃபர், அதாவது காமா மின்னழுத்தங்களைத் தரும் சில்லு, போனால், படம் வெளுத்தோ நெகட்டிவ் போலவோ தெரியும். புதிய சில்லை வாங்கி ஹாட் ஏர் கொண்டு மாற்றினால் தொலைக்காட்சி வீட்டுக்குப் போய்விடும், ஏனென்றால் அதில் மின்னழுத்தங்களைத் தீர்மானிப்பவை வெளியிலுள்ள மின்தடைகள். இன்றைய நிரலிடத்தக்க வகையில் அப்படியில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பியூஎஃப்16821 என்ற சில்லில் 16 காமா வழிகளும் 2 விகாம் வழிகளும் 10 பிட் துல்லியத்தில் உள்ளன. மதிப்புகள் அதன் உள் நினைவகத்தில் இருக்கின்றன. புதிய சில்லைப் பொருத்தினால் அதற்குள் அந்தப் பேனலுக்குரிய மதிப்பு எதுவும் இராது. பேனல் நிறுவனங்கள் அந்தப் பட்டியலைச் சர்வீஸ் கடைக்குத் தருவதில்லை. ஒரு சிறிய சில்லுக்காகப் பேனல் முழுவதும் ஆக்கர்க் கடைக்கு (பழைய பொருள் கடை) போகிறது. பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தை ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் தொடங்கியது. ஆனாலும் இந்தப் பட்டியல் என் மேசைக்கு இன்னும் வரவில்லை.

முட்டத்துக் காற்று (ஸ்கேன் சென்டர் தொழில்நுட்பப் பணி)

ஆசான் அண்ணனின் குறை நியாயமானது. எனினும் வேளிமலை சாரின் அடிப்படை வாதத்தில் எனக்கு ஓர் எதிர்ப்பு உண்டு. மருத்துவத் திரைகளுக்கு டைகாம் (மருத்துவப் படங்களுக்கான பொதுத் தரம்) பகுதி 14 என்ற தரம் இருக்கிறது. ஒரு சதுர மீட்டருக்கு 0.05 கேண்டெலாவிலிருந்து 4000 கேண்டெலா வரையிலான ஒளியை, கண் வேறுபடுத்தி அறியக்கூடிய 1023 படிகளாக அது பகுக்கிறது. எக்ஸ்ரேயில் நுரையீரலின் மங்கலான நிழல் தெரிவதும் தெரியாததும் இதில் இருக்கிறது. அங்கே நம்பப்படுவது அளவீடு மட்டுமே. அதற்காகவே சில திரைகளின் விளிம்பில் ஒளி உணரியைப் பதித்து வைக்கிறார்கள்.

இந்தச் சில்லுகள் மதிப்பை நினைவில் வைப்பது மிதக்கும் வாயிலில், அதாவது சுற்றிலும் மின்காப்பிட்ட டிரான்சிஸ்டர் முனையில், அடைத்த மின்னூட்டத்தால். அதை நம்பலாமா என்பது என் கேள்வி. ஒரு ஃபெம்டோஃபாரட் மின்தேக்கத்தில் ஓர் எலக்ட்ரான் வெளியேறினால் மின்னழுத்தம் 0.16 மில்லிவோல்ட் மாறும். நூறு எலக்ட்ரான் கசிந்தால் 16 மில்லிவோல்ட். 15 வோல்ட்டை 10 பிட்டாகப் பகுத்தால் ஒரு படி ஏறக்குறைய அதே அளவுதான். பின்னொளியின் வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் சில்லில் இத்தனை சிறிய கசிவு நிகழாது என்று எப்படிச் சொல்வது?

வேளிமலை (தக்கலை)

இந்த இழையின் மிகக் கூர்மையான கேள்வி இது. ஆனால் இதில் இரண்டு வெவ்வேறு கண்டுபிடிப்புகள் கலந்திருக்கின்றன.

மிதக்கும் வாயிலை 1967இல் பெல் ஆய்வகத்தில் டாவன் காங்கும் சைமன் சீயும் முன்வைத்தார்கள். அதைப் பயன்படுத்துவதில் இரு வழிகள் கிளைத்தன. முதல் வழியில் ஒன்று, பூஜ்யம் என்ற எண்களை அதில் வைத்து, அந்த எண்ணை டி.ஏ.சி. என்ற மாற்றிச் சுற்றின் மூலம் மின்னழுத்தமாக்குகிறோம். ஆசான் சொன்ன சில்லு இவ்வகை. இதில் நூறு எலக்ட்ரான் போனாலும் எண் மாறாது, ஏனெனில் ஒன்றுக்கும் பூஜ்யத்துக்கும் இடையில் பல வோல்ட் இடைவெளி இருக்கிறது. நம் மாணவர்கள் பலருக்கும் பழக்கமான எக்ஸ்9சி103 டிஜிட்டல் பொட்டென்சியோமீட்டரும் (கட்டளையால் மாற்றும் மாறுமின்தடை) அப்படியே: 100 நிலைகள், நினைவு 100 ஆண்டு நிற்கும் என்று தரவுத்தாளில் எழுதியே தருகிறார்கள்.

இரண்டாவது வழியில் அந்த மின்னூட்டமே விடை. இடையில் எண் கிடையாது. ஐ.எஸ்.டி. நிறுவனத்தின் சிப்கார்டர் குரல் மாதிரிகளை எண்ணாக்காமல் நேரடியாகச் செல்களில் மின்னூட்டமாகச் சேமித்தது. இன்டெல் 1989இல் அறிவித்த ஈடான் என்ற நரம்பு வலைச் சில்லு 10,240 இணைப்புகளின் எடைகளை அவ்வாறே வைத்தது. ஜைகார் நிறுவனமோ, 2004இல் இன்டர்சில்லின் கைக்குப் போகும் முன்பே, எக்ஸ்60008 என்ற மேற்கோள் மின்னழுத்தச் சில்லை (மாறாத மின்னழுத்தம் ஒன்றைத் தரும் சில்லு) இதே முறையில் உருவாக்கியது. ஒரு மைக்ரோஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டத்தில் அது இயங்கியது. உங்கள் எச்சரிக்கை இவ்வகைக்குப் பொருந்தும். இங்கே மின்தேக்கத்தைப் பெரிதாக்குவதே பரிகாரம்: ஆயிரம் மடங்கு பெரிதாக்கினால் நூறு எலக்ட்ரானின் தாக்கம் 16 மைக்ரோவோல்ட்டாகச் சுருங்கும். சில்லின் பரப்பு கூடுவது அதற்கான விலை.

கோட்டாறு ஸ்டுடியோ

அப்படியானால் திரையில் நிலைபெற்றது எண்ணை வைத்துக்கொள்ளும் வகை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், சார். எண்தான் என் கட்சி.

வேளிமலை (தக்கலை)

எண் உங்களுடையதாக இருக்கட்டும். அது ஆளும் விகாம் மின்முனையை உங்கள் நிறமானி ஒருபோதும் தொட்டதில்லை. தவிர, விகாமை ஒரே எண்ணால் முழுமையாகச் சரிசெய்யவும் முடியாது. திரவப் படிகத்தின் மின்தேக்கம் மின்னழுத்தத்தோடு மாறுவதால், கீழே இழுக்கும் அளவு கறுப்பில் ஒன்றாகவும் வெள்ளையில் வேறாகவும் இருக்கிறது. அந்த மீதியை நேர், எதிர்த் துருவங்களுக்குத் தனித்தனியே தரும் காமா மின்னழுத்தங்களில்தான் ஈடுகட்ட முடியும்.

ஆசான் (மார்த்தாண்டம், டி.வி. சர்வீஸ்)

இதைப் படித்தபின் ஒரு வேலைமுறை கேட்கிறேன். உடைந்த பேனலோடு வரும் அதே மாடல் போர்டிலிருந்து மதிப்புகளை ஐ2சி (சில்லுகள் பேசிக்கொள்ளும் இரு கம்பி இணைப்பு) வழியாகப் படித்து, கெட்ட போர்டில் பொருத்திய புதிய சில்லில் எழுதினால் போதுமா?

வேளிமலை (தக்கலை)

காமா மதிப்புகள் பெரும்பாலும் படிகத்தின் வகையையும் வடிவமைப்பையும் சார்ந்தவை. அதே மாடலிலிருந்து எடுத்தவற்றைத் தொடக்கமாகக் கொள்ளலாம். விகாமை மட்டும் நகலெடுக்காதீர்கள், அது அந்தந்தப் பேனலுக்கு உரியது. அந்தச் சில்லின் நிலை நினைவகத்தில் 16 முறைதான் எழுத முடியும் என்பதால், முதலில் தற்காலிகப் பதிவேட்டில் மட்டும் மதிப்பை மாற்றுங்கள். ஒரே துருவத்துப் புள்ளிகள் மட்டும் ஒளிரும் சோதனைப் படத்தை நடுத்தரச் சாம்பலில் இட்டு, பேனல் நன்கு சூடேறிய பிறகு, துடிப்பு மிகக் குறையும் எண்ணைக் கண்டுபிடியுங்கள். திரையின் நடுவில் பாருங்கள். ஓரங்களில் வாயில் கம்பியின் தாமதத்தால் சற்று வேறுபடும். எண் உறுதியான பின் ஒரே முறை நினைவகத்தில் எழுதுங்கள்.

கோட்டாறு ஸ்டுடியோ

எழுதி முடித்த பிறகு அந்தத் திரையை என் கடைக்கு ஒருமுறை கொண்டுவாருங்கள், ஆசானே. பேனல் புதிய மின்னழுத்தத்தில் ஓடுவதால் பழைய நிறச் சுயவிவரம் (அத்திரையின் நிறங்களை அளந்து பதிந்த கோப்பு) செல்லாது. வெள்ளைப்புள்ளியையும் காமாவையும் நான் மீண்டும் அளந்து தருகிறேன்.