நாகான் 1895: கையில் எடுத்துப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

டல்லாஸிலிருந்து:

பழைய ராணுவக் கைத்துப்பாக்கி என்றாலே லூகர், கோல்ட் 1911 என்றுதான் பேச்சு போகிறது. என் மனதைப் பிடித்தது ரஷ்யப் படையின் நாகான் ரிவால்வர். கூட வேலை பார்க்கும் நண்பரிடம் ஒன்று இருக்கிறது. சோவியத் யூனியன் உடைந்தபின் கிடங்குகளில் எண்ணெய் பூசிக் கிடந்தவை அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. தோல் உறையோடு நூறு டாலருக்குள் வாங்கினாராம்.

சாதாரண ரிவால்வரில் தோட்டாக்கள் இருக்கும் உருளைக்கும் குண்டு வெளியேறும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடுக்கு இருக்கும். சுடும்போது வாயு கொஞ்சம் அதன் வழியே பீறிடும். பெல்ஜியத்தின் லீஜ் நகரத்து லியோன் நாகான் அந்த இடுக்கை மூடினார். தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியலை இழுத்தால் உருளை சுற்றுவதோடு நிற்காது, முன்னே நகர்ந்து குழலின் பின்முனையைக் கவ்விக்கொள்ளும். தோட்டாவும் இதற்கென்றே செய்தது. குண்டு பித்தளைக் கூட்டுக்குள் முழுக்கப் புதைந்திருக்கும். கூட்டின் வாய் குழலுக்குள் நுழைந்து, வெடிக்கும்போது விரிந்து அடைத்துவிடும். கையில் வைத்து மெதுவாக இழுத்துப் பார்த்தபோது நெடுநேரம் கீழே வைக்க மனம் வரவில்லை.

இத்தனை வேலையையும் ஒற்றை விரல்தான் செய்தாக வேண்டும். விரலால் இழுக்கும் விசை அவ்வளவு கனம்! ஏழு தோட்டா பிடிக்கும், ஆனால் சுட்டு முடித்ததும் வெற்றுக் கூடுகளை ஒவ்வொன்றாகக் கம்பியால் தள்ளி, பக்கவாட்டுத் திறப்பு வழியே ஒவ்வொன்றாகத்தான் நிரப்ப வேண்டும். குண்டுக்குக் கிடைக்கும் கூடுதல் வேகமோ சொற்பம். போர்க்களத்துக்கு இது நல்ல பேரம் இல்லை என்பதே என் கருத்து. இயந்திரமாகப் பார்த்தால் இதற்கு இணையாக நான் இன்னொன்றைக் கண்டதில்லை.

குர்ஸ்க், ரஷ்யா:

அண்ணா, நான் இங்கே மருத்துவம் படிக்கிறேன். மாஸ்கோ போகும் வழியில் தூலாவில் இறங்கி ஆயுத அருங்காட்சியகம் பார்த்தோம். கட்டடமே பழைய ரஷ்ய வீரரின் தலைக்கவசம் மாதிரி இருக்கும். 1712-இல் முதலாம் பீட்டர் தொடங்கிய ஆயுதத் தொழிற்சாலை அந்த ஊரில்தான். முதலில் லீஜிலிருந்து வாங்கிய நாகானை 1898 முதல் தூலாவிலேயே செய்தார்களாம். ஜார் காலத்தில் அதிகாரிக்கு ஒரு வகை, சிப்பாய்க்கு ஒரு வகை. சிப்பாயுடையதில் ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்தால்தான் சுட முடியும். அந்தப் பாகுபாடுதான் எனக்கு உறுத்தியது. புரட்சிக்குப் பிறகு அதிகாரி வகையை மட்டுமே தொடர்ந்து செய்தார்கள். 1930-இல் சோவியத் படைக்குப் புதிதாக டோக்கரேவ் பிஸ்டல் வந்தும் நாகான் நிற்கவில்லை; இரண்டாம் உலகப் போர் முழுக்க உற்பத்தி நடந்தது.

நியூ ஜெர்சி:

இங்கே சுடுதளப் பயிற்சியாளர் ஒருவர் செய்துகாட்டியதைச் சொல்கிறேன். தாங்கியில் ஒரு சாதாரண ரிவால்வரைப் பொருத்தி, இடுக்குக்கு நேராக வெள்ளைத் தாள் ஒன்றைச் செருகிச் சுட்டார். தாள் கிழிந்து கருகிவிட்டது. அடுத்து நாகான். தாளில் ஒரு கீறல்கூட இல்லை. சாதாரண ரிவால்வரில் ஒலியடக்கி மாட்டினால் சத்தம் இடுக்கு வழியே வெளியேறிவிடும். இதில் மாட்டினால் வேலை செய்யும். மிதின் சகோதரர்கள் இதற்கு வடிவமைத்த ஒலியடக்கியை சோவியத் வேவுப்படையினர் இரண்டாம் உலகப் போரில் பயன்படுத்தினார்கள்.