கடனை அடைக்கிறதா, கையில கொஞ்சம் காசு சேக்குறதா? வீட்ல தினமும் இதே சண்டைங்க

அம்மிணி_திருப்பூர்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குத்தான் முதல் தடவையா எழுதறேன், தப்பிருந்தா மன்னிச்சுக்கோங்க. நாங்க திருப்பூருங்க, வூட்டுக்காரர் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில லைன் சூப்பர்வைசர், கைக்கு 24,000 வரும், நான் வேற ஒரு கம்பெனியில செக்கிங், 13,500. பையன் எட்டாவது, பொண்ணு மூணாவது.

கடன் என்னென்னன்னா கிரெடிட் கார்டுல 68,000, பர்சனல் லோன் இன்னும் 1,71,000 பாக்கி (மாசம் 6,800 இஎம்ஐ, இன்னும் 30 மாசம் ஓடணும்), என்னோட மூணு பவுன் ஆரம் பேங்க்ல 90,000க்கு இருக்குது, அப்புறம் எங்க நாத்தனார் வூட்டுக்காரர்கிட்ட கைமாத்தா வாங்குனது 40,000, அதுக்கு வட்டி கிடையாது. வாடகை, ஸ்கூல் பீஸ், மளிகை, இஎம்ஐ, கார்டுக்கு மினிமம் 3,400 எல்லாம் போக மாசம் 9,000 பக்கம் மிஞ்சுதுங்க.

இவரு அந்த 9,000த்தையும் அப்படியே கார்டுல கொண்டுபோய் கட்டோணும்ங்கறாரு. வட்டி அதுக்குத்தானே ஜாஸ்தி, அது சரிதான். ஆனா போன வருசமும் இதையேதானுங்க பண்ணுனோம். கையில ஒத்தப் பைசா வெக்காம கட்டிக்கட்டி கார்டை 22,000 வரைக்கும் கொண்டு வந்துட்டோம், அப்ப பாத்து 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காக்காரன் 50 சதவீத வரின்னு போட்டான், கம்பெனியில ஓ.டி (ஓவர்டைம்) மொத்தமா கட், மாசம் 4,000 போச்சு. அக்டோபர்ல பையனுக்கு டெங்கு, அஞ்சு நாள் பிரைவேட் ஆஸ்பத்திரி, 38,000. பில் கவுன்ட்டர்ல நிக்கறப்ப என் பர்ஸ்ல 340 ரூபா இருந்துச்சுங்க. திரும்ப அதே கார்டைத்தான் தேச்சோம். அப்புறம் ஸ்கூல் பீஸ் ஒரு 8,000. மொத்தம் 68,000, ஒரு வருசம் கட்டுனதெல்லாம் ஆத்துல போட்ட மாதிரி.

அதுனால கொஞ்சமாவது தனியா எடுத்து வெச்சுட்டு மிச்சத்தைக் கட்டலாம்னு நான் சொன்னா, "42 பர்சன்ட் வட்டி கட்டிட்டு 4 பர்சன்ட் வட்டிக்கு பணம் போடறவ நீ ஒருத்திதான்"ங்கறாரு. நீங்களே சொல்லுங்க, யார் சொல்றது சரி?

கடுகுடப்பா (சென்னை):

ரெண்டு பேரும் சரிதான் அம்மிணி, அதான் பிரச்சனையே. கணக்கு அவர் பக்கம், அனுபவம் உங்க பக்கம்.

அவர் கணக்கைப் போட்டே பாக்கலாம். மாசம் 3.6 சதவீதம்னு வெச்சா 68,000க்கு வட்டி 2,448, அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 441, ஆக 2,889 ரூபா. நீங்க கட்டுற மினிமம் 3,400ல அசலுக்குப் போறது 511தான். இதுல இன்னொரு கொடுமை, பாக்கி இருக்கிற வரைக்கும் புதுசா தேய்க்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் தேய்ச்ச நாள்லேர்ந்தே வட்டி ஓடும், அந்த நாப்பத்தஞ்சு நாள் சலுகையெல்லாம் முழுசா கட்டுறவங்களுக்கு மட்டும்தான். அதனால முதல்ல அந்த கார்டை பர்ஸ்லேர்ந்து எடுத்து எங்கயாவது போடுங்க, ஆன்லைன் ஆப்புல சேவ் பண்ணி வெச்சிருந்தா அதையும் தூக்குங்க.

ஆனா இன்னைக்கு நீங்க 9,000 கட்டி நாளைக்கே ஒரு செலவு வந்தா அதே கார்டுலதான் திரும்ப 9,000 தேய்ப்பீங்க. கையிருப்பு இல்லாத வீட்ல கார்டுதான் கையிருப்பு. உங்க வீட்டுக்காரர் கணக்குல விட்டுப்போன விஷயம் இதுதான்.

வைகைக்கரையான்:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கடன் இருக்கிற வீட்ல சேமிப்புன்னு ஒண்ணு இருந்தா அது சேமிப்பா இருக்காதுங்க, எங்க வீட்ல அப்படித்தான் ஆச்சு. 30,000 சேத்து வச்சோம், சித்திரைத் திருவிழாவுக்கு ஊர்லேர்ந்து சொந்தம் வந்துச்சு, அப்புறம் கொழுந்தியா வளைகாப்பு, அப்புறம் டிவி ஆஃபர்னு போட்டான், ஆறு மாசத்துல காலி. எமர்ஜென்சி பண்டுன்னு பேரு, அதுல ஒரு எமர்ஜென்சியும் கெடையாது. கடன்ல கட்டிட்டா அந்தக் காசைத் திரும்ப எடுக்க முடியாதுல்ல, அதுதான் நல்லது.

ஒண்ணு கேக்கணும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கா? 5 லட்சம் வரைக்கும் பாக்கலாம்ல?

கடுகுடப்பா (சென்னை):

@வைகைக்கரையான் அதுக்கு வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும் சகோ. இவங்களுக்கு மாசமே 37,500 வருது.

ஆனா நல்ல இடத்துல கை வெச்சீங்க. அம்மிணி, உங்க சம்பளத்துல இஎஸ்ஐ, அதான் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு, பிடிக்கிறாங்களா? 21,000 வரைக்கும் சம்பளம் இருந்தா பிடிக்கணும். உங்க வீட்டுக்காரர் அதைத் தாண்டிட்டார், அவர் மூலமா வராது. நீங்க 13,500 வாங்குறீங்க, உங்க மூலமா அவருக்கும் பிள்ளைங்களுக்கும் சேத்தே வரும்.

அம்மிணி_திருப்பூர்:

அய்யோ. பிடிக்கறாங்கங்க. சம்பளச் சீட்டுல மாசாமாசம் நூத்திச் சொச்சம் ரூபா போகும், பிஎஃப் மாதிரி ஏதோன்னு நெனச்சுட்டு இருந்தேன். அந்த கார்டு எடுக்கவே இல்லைங்க. எங்க லைன்ல பாதிப்பேரு எடுக்கலை. அப்ப அந்த 38,000???

கடுகுடப்பா (சென்னை):

ஆமா. இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா பெரும்பாலும் செலவே ஆகியிருக்காது. போனது போகட்டும், நாளைக்கே கம்பெனி ஹெச்ஆர்ட்ட போய் உங்க இன்சூரன்ஸ் நம்பர் கேளுங்க, இ-பெஹ்சான் அட்டைன்னு ஒரு பிரின்ட் தருவாங்க, அதுல குடும்பத்துல எல்லார் பேரும் ஆதாரோட ஏறியிருக்கான்னு பாருங்க, பேர் ஏறலைன்னா அங்க போய் நிக்கும்போது அலைய விடுவாங்க. திருப்பூர்லயே இஎஸ்ஐ ஆஸ்பத்திரி இருக்கு. கூட்டம் இருக்கும், காத்திருக்கணும், அதெல்லாம் இருக்கு. ஆனா உங்க காசு அதுல போகுதே.

அடகுக்கவுன்ட்டர்_ஓய்வு (கும்பகோணம்):

அம்மா, நான் பேங்க்ல முப்பது வருஷம் வேலை பாத்தவன், அதுல கடைசி பதினோரு வருஷம் நகைக்கடன் கவுன்ட்டர்தான். உங்க லிஸ்ட்ல எல்லாரும் கார்டையே பாக்குறாங்க, எனக்கு அந்த ஆரம்தான் கண்ணுல பட்டுது.

90,000 எப்ப வாங்கினீங்க? 2024 நடுவுலன்னா அப்ப பவுன் 54, 55 ஆயிரம் வித்துது. இப்ப விலை எங்கயோ போயிடுத்து. அதனால அதே மூணு பவுனுக்கு இப்ப நல்லாவே கூட கிடைக்கும். நகையை மாத்தி வெக்கிற தேதி, அதாவது கடனைப் புதுப்பிக்கிற தேதி வரும்போது 90,000 பழைய கடனோட இன்னும் 68,000 சேத்து 1,58,000மா போட்டுக் கேளுங்க, அந்த 68,000த்தை அன்னிக்கே கார்டுல கட்டிடுங்க. நகைக்கடன் ஒம்பதரை சதவீதம்னு வெச்சுண்டா 68,000க்கு மாசம் 540 ரூபா வட்டி. கார்டுல 2,889. வித்தியாசத்தைப் பாருங்கோ.

ஒரு விஷயம், மாத்தி வெக்கப் போறப்ப அதுவரைக்குமான வட்டியை முதல்ல கட்டச் சொல்லுவா, 90,000க்கு ஒரு வருஷ வட்டியே 8,500 கிட்ட வரும். அதைக் கையில வெச்சுண்டு போங்க. எத்தனையோ பேர் அன்னிக்கு வந்து கவுன்ட்டர்ல முழிப்பா, அப்புறம் பக்கத்துல அடகுக் கடைக்கு ஓடுவா.

இன்னொண்ணு, நிறைய பேருக்குத் தெரியாது, நகைக்கடன்ல அசலை நடுநடுவுல அஞ்சாயிரம் பத்தாயிரம்னு கட்டிண்டே வரலாம், கட்டின அன்னியிலேர்ந்து வட்டி அந்த அளவுக்குக் குறையும். முழுசா சேந்தப்பறம்தான் போகணும்னு எல்லாரும் வருஷக்கணக்கா உக்காந்துண்டிருப்பா. வேற நகை வெக்கிற நிலைமை எப்பவாவது வந்தா எல்லாத்தையும் ஒரே பொட்டலமா வெக்காதீங்க, வளையல் ஒரு கடன், செயின் ஒரு கடன்னு பிரிச்சு வெச்சா ஒவ்வொண்ணா திருப்பிக்கலாம். கவுன்ட்டர்ல இருக்கிறவன் வேலை ஜாஸ்தின்னு முகத்தைச் சுளிப்பான். நானும் சுளிச்சிருக்கேன்.

வைகைக்கரையான்:

ஐயா சொல்றது கணக்குப்படி அருமை. ஆனா இதே வேலையை நான் செஞ்சவன். பொண்டாட்டி வளையல வச்சு கார்டை ஜீரோ பண்ணுனேன், பண்ணி பத்தே மாசம், கார்டுல திரும்ப 50,000 ஏறிருச்சு, வளையலும் உள்ள, கார்டும் ஃபுல்லு. கார்டு ஜீரோ ஆனதும் ஏதோ சம்பளம் கூடுன மாதிரி ஒரு நெனப்பு வரும் பாருங்க, அது ரொம்ப டேஞ்சர். கார்டை முடிச்ச அன்னைக்கே க்ளோஸ் பண்ணிருங்க, இல்லன்னா போன் போட்டு லிமிட்டை 15,000த்துக்கு எறக்கச் சொல்லுங்க.

செம்பருத்தி_அக்கா:

எல்லாரும் ஈஸியா சொல்லிட்டுப் போறீங்க, அந்த ஆரம் யாரோடதுன்னு யாராவது கேட்டீங்களா? அது அவ அம்மா வீட்ல போட்டது. கார்டு யார் பேர்ல இருக்கு? இவ நகையை இன்னும் கூடுதலா மாட்டி அவர் கார்டை அடைக்கணும், நாளைக்கு வட்டி கட்ட முடியலைன்னா ஏலத்துக்குப் போறது யார் கழுத்து நகை?

வேண்டாம்னு சொல்லலம்மா. செய்யுறதா இருந்தா கடன் சீட்டு உன் பேர்ல இருக்கட்டும், நோட்டீஸ், மெசேஜ் எல்லாம் உன் நம்பருக்கு வரட்டும், சீட்டு உன் பீரோல இருக்கட்டும். நகை திரும்பி வர்ற வரைக்கும் மாசாமாசம் அவர் இவ்வளவு கட்டணும்னு அவர் வாயாலயே சொல்ல வை. அந்த ஆரம் வீட்டுக்கு வந்துட்டா அதைவிடப் பெரிய எமர்ஜென்சி பண்டு நமக்கு எதும்மா இருக்கு, பேங்க் லீவு நாள் தவிர எந்த நாளும் ஒரு மணி நேரத்துல காசு.

நாத்தனார் வீட்டுக் காசை மறந்துடாத. வட்டி இல்லைன்னு கடைசில தள்ளாத. மாசம் 1,000 ஆனாலும் ஒண்ணாந்தேதி அனுப்பிடு. பொங்கலுக்கு அவங்க வீட்டுக்குப் போனா உனக்கு வைக்கிற காபியிலயே தெரியும் நீ குடுத்தியா இல்லையான்னு.

கத்தார்_தம்பி:

அக்கா சொன்ன காபி 😂 அனுபவம் பேசுது.

நெட்ல ஆறு மாச செலவை எடுத்து வைன்னு சொல்றான்ல, அதைப் பாத்துப் பயந்தே நாங்க அஞ்சு வருஷம் ஒரு ரூபா சேக்கல. இங்க கூட தங்கியிருந்த ஒரு அண்ணன்தான் ஒண்ணு சொன்னாரு, "கடைசியா வந்த மூணு இடியை எழுது"ன்னு. உங்களுக்கு ஒண்ணு ஓ.டி போனது, மூணு மாசம்னு வச்சா 12,000. ரெண்டாவது டெங்கு, இஎஸ்ஐ இருந்தா அது பெருசா குறைஞ்சிரும். மூணாவது ஏதாவது இருந்திருக்கும், வண்டி, பிரிட்ஜுன்னு. ஆக உங்களுக்கு முதல்ல 20,000 போதும். அது வர்ற வரைக்கும் கார்டுக்கு மினிமத்துக்கு மேல ரொம்பப் போடாதீங்க, வந்ததுக்கப்புறம் ஒரு ரூபா கூட சேக்காதீங்க, எல்லாத்தையும் கடன்ல போடுங்க. வூட்டுக்காரரும் ஒத்துக்குவாரு.

அந்த 20,000 போஸ்ட் ஆபீஸ்ல போட்டா சேப்பு, நாம எடுக்கவும் சோம்பல் வரும்.

கடுகுடப்பா (சென்னை):

ராத்திரி பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி கவுன்ட்டர்ல போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக்கை நீட்டுவீங்களா தம்பி? 5,000 ரொக்கமா வீட்ல இருக்கட்டும். மிச்சம் வேற பேங்க்ல ஒரு தனி அக்கவுன்ட், ஜிபே எதுலயும் சேக்கக்கூடாது, ஏடிஎம் கார்டு பீரோவுக்குள்ள. ஜிபேல சேத்தா டீக்கடையிலயே பாதி போயிடும்.

அடகுக்கவுன்ட்டர்_ஓய்வு (கும்பகோணம்):

அந்தத் தம்பி சொன்னதோட என் கணக்கைச் சேத்துப் பாருங்கோ. கார்டு முடிஞ்சா அந்த 3,400ம் மிஞ்சும், ஆக மாசம் 12,400. நாத்தனார் வீட்டுக்கு 1,000 போக 11,400. ரெண்டு மாசத்துல உங்க 20,000 வந்துடும், அதுக்கப்புறம் முழுசும் நகைக்குத்தான். வட்டியோட சேத்து ஒண்ணேகால் வருஷத்துல ஆரம் வீட்டுக்கு வந்துடும், நடுவுல தீபாவளி போனஸையும் அதுல போட்டா இன்னும் சீக்கிரம். பர்சனல் லோனை இப்போதைக்குத் தொடாதீங்கோ, அது பாட்டுக்கு ஓடட்டும், பிக்சட் வட்டியா இருந்தா முன்னாடியே முடிக்க தனியா சார்ஜ் கேப்பா.

அம்மிணி_திருப்பூர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து ராத்திரி இதை முழுசா அவருக்குப் படிச்சுக் காட்டுனேன். கார்டு கணக்கு வரைக்கும் தலையாட்டிட்டே இருந்தாரு, செம்பருத்தி அக்கா எழுதுனதைப் படிச்சதும் எந்திரிச்சுத் தண்ணி குடிக்கப் போயிட்டாரு. திரும்பி வந்து "சீட்டு உன் பேர்லதானே இருக்குது, இன்னும் என்ன"ன்னாரு. எடுத்துப் பாத்தா என் பேர்லதான் இருக்குது, ஆனா போன் நம்பர் அவருதுங்க. அதை மாத்தோணும்.

மாத்தி வெக்கற தேதிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்குது. முதல் மாசம் மிஞ்சுறதை அந்த 8,500 வட்டிக்குன்னு ஒதுக்கிட்டோம். ஹெச்ஆர்ல கேட்டேன், இன்சூரன்ஸ் நம்பர் குடுத்துட்டாங்க, ஆனா அதுல பொண்ணு பேரே இல்லைங்க, பையன் பேரு மட்டும் இருக்குது, அதுலயும் எழுத்து தப்பு. ஆதார்ல இருக்கற மாதிரி மாத்த கம்பெனி மூலமாத்தான் போகோணுமா, இல்ல நாமளே நேரா போலாமுங்களா?

கடுகுடப்பா (சென்னை):

முதல்ல கம்பெனி மூலமா கேளுங்க, அவங்க லாகின்ல பண்ணிடலாம். இழுத்தடிச்சா பக்கத்து இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்கு நேரா போங்க, நாலு பேர் ஆதார், பொண்ணு பர்த் சர்டிபிகேட், குடும்ப போட்டோ எல்லாம் எடுத்துக்கோங்க. உங்க லைன்ல எடுக்காத அந்தப் பாதிப்பேரையும் கூட்டிட்டுப் போங்க.